போர் நினைவும் நாட்டார் வழக்கும் சேர்ந்த சிற்றூர் அருங்காட்சியகத்தை அமைக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் சிற்றூர்களில் போரின் தடயம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஏரிக்கரையில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் நடுகல், கூரைக்கட்டில் கருப்பு டிரங்குப் பெட்டியோடு நிற்கும் பட்டாளத்துக்காரர் வீடு, திரௌபதி அம்மன் கோயில் திடலில் மண்ணால் கிடத்தப்படும் துரியோதனன் என்று மூன்று வகையில் அத்தடயம் கிடக்கிறது. இவற்றை ஓர் இடத்தில் கோத்துக் காட்டும் சிறிய அருங்காட்சியகத்தை ஊராரே அமைத்து நடத்த முடியும். அதற்கான வழிமுறையை, இப்பகுதியை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

பலரும் கட்டடத்திலிருந்து தொடங்குகிறார்கள். கட்டடம் கிடைத்ததும் திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, அந்த நாளுக்குள் அறையை நிரப்ப வேண்டிய அவசரத்தில் வீடுவீடாகப் பழைய உரலையும் உலக்கையையும் வாங்கிவந்து அடுக்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எந்த உரல் யார் வீட்டுடையது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட அறைக்கும் பழைய சாமான் கடைக்கும் அதிக வேறுபாடு இல்லை. ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஒரு தடித்த, தைத்த, பக்க எண் இட்ட பதிவேடு.

பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். சேர்ந்த ஆண்டு, அந்த ஆண்டில் கொடுத்தவரின் வரிசை, அவர் கொடுத்தவற்றில் இப்பொருளின் வரிசை என மூன்று பகுதியாக எண் அமைப்பது வழக்கம்; 2025-இல் நான்காவதாகக் கொடுத்தவரின் இரண்டாவது பொருள் 2025.4.2 ஆகும். எண்ணுக்கு எதிரே பொருளின் ஊர்ப்பெயர், அளவு, செய்த பொருள், இப்போதைய நிலை, கொடுத்தவர், கொடுத்த நாள், கொடையா இரவலா என்பவற்றை எழுதிய பின், மிக முக்கியமான பத்தியாக, அப்பொருளைப் பற்றிக் கொடுத்தவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். இதைக் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் வைத்தே செய்ய வேண்டும். பொருள் அறைக்கு வந்து சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை. கொடையாயின் கொடையாளரும் அமைப்பின் பொறுப்பாளரும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்புகைச் சீட்டு இரு படி வேண்டும். இரவலாயின் திருப்பித் தரும் நாளையும் குறிக்க வேண்டும், ஏனெனில் தாத்தா மனமுவந்து கொடுத்ததைப் பேரன் வந்து கேட்கும் நாள் எல்லா ஊரிலும் வரும். பதிவேட்டைப் பக்கம் பக்கமாக ஒளிப்படம் எடுத்து வேறொரு வீட்டில் ஒரு படி வைத்திருப்பது நல்லது.

பட்டாளத்து வீடுகள்

இரண்டு உலகப் போர்களிலும், பிறகு 1962, 1965, 1971 போர்களிலும், இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையிலும், 1999 கார்கிலிலும் பணியாற்றியவர்களின் குடும்பங்கள் வட தமிழகமெங்கும் இருக்கின்றன. வேலூர் அருகேயுள்ள கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைக்கிறார்கள். உங்கள் ஊரில் யார் யார் போனார்கள் என்ற பட்டியலை முன்னாள் படைவீரர் சங்கத்தாரிடமும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்டுத் தொடங்கலாம். ஆனால் முதல் உலகப் போர்க்காலத்துக்கு அந்த வழி உதவாது. அதற்கு வீட்டுப் பெட்டிகளும் பதக்கங்களுமே சான்று.

முதல் உலகப் போர்ப் பதக்கம் கிடைத்தால் முகப்பைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பெரும்பாலும் அங்கே ஆங்கிலத்தில் மிகச் சிறிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். பிரித்தானியப் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளி. அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், வைத்திருந்தவர் துப்பாக்கி ஏந்தியவராக அன்றி, சுமை தூக்கவும் பாதை போடவும் சென்ற தொழிலாளர் படையைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும். இந்த ஒரு குறிப்பே ஒரு குடும்பத்தின் கதையை மாற்றிவிடும். வெள்ளிப் பதக்கத்தைப் பளபளப்பாக்கும் ஆசையில் பொடி போட்டுத் தேய்ப்பவர்கள் முதலில் அழிப்பது இந்த விளிம்பெழுத்தைத்தான்.

பெயர் தெரிந்த பின் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தரவில் இலவசமாகத் தேடலாம். இறந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். முனுசாமி என்ற பெயரை அன்றைய எழுத்தர்கள் ஆங்கிலத்தில் தத்தம் காதுக்குக் கேட்டபடி எழுதியதால், பெயரை விடப் படை எண்ணையும் பிரிவையும் கொண்டு தேடுவது பலன் தரும். சென்னை மாகாணத்திலிருந்து திரட்டிய பிரிவுகள் பலவும் மெசப்பொத்தேமியாவுக்கும் கிழக்காப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டன. இன்றைய இராக்கிலுள்ள பாஸ்ரா நினைவிடம் 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. அந்நினைவிடத்தில் இந்தியச் சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்படவில்லை, பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டுமே இடம்பெற்றது. நம் ஊர்களில் பதிக்கப்பட்ட சலவைக்கல் பலகைகளும் அப்படியே: 'இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்' என்ற அளவோடு நின்றுவிடும்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் காலத்தில், எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல் அது. அவனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் உருவமும் அதில் உண்டு. நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். மாடு மேய்த்த ஊர் தன் நாயின் பெயரைக் கல்லில் எழுதியது. பேரரசு தன் சிப்பாயை எண்ணிக்கையாக எழுதியது. சிற்றூர் அருங்காட்சியகம் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, அந்தச் சலவைக்கல் எண்ணிக்கைக்கு உரிய பெயர்களைத் தேடிப் பக்கத்தில் எழுதி வைப்பதே என்பது என் கருத்து. பத்துப் பேரில் மூவர் பெயரே கிடைத்தாலும் மூன்றை எழுதி ஏழு வரிகளைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி வரிகளைப் பார்த்த கிழவர் ஒருவர் நான்காவது பெயரைச் சொல்லக்கூடும்.

வீடுகளில் கேட்க வேண்டியவை பதக்கமும் சீருடையும் மட்டுமல்ல. பணி விடுவிப்புப் புத்தகம், ஓய்வூதியப் புத்தகம், மணியார்டர் துண்டுச் சீட்டு, எனாமல் குவளை, கம்பளி, வெள்ளைச் சாயத்தில் படை எண் எழுதிய டிரங்குப் பெட்டி, விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு 1972-இல் வழங்கப்பட்ட தாமிரப் பட்டயம் ஆகியவை பேசக்கூடிய பொருள்கள். சுவரில் மாலையிட்டுத் தொங்கும் படத்தைக் கேட்கவே கூடாது. அதை அந்த வீட்டிலேயே இறக்கி, நல்ல வெளிச்சத்தில் ஒளிப்படம் எடுத்து, மீண்டும் மாட்டிவிட்டு வர வேண்டும். கண்ணாடியின் மேலுள்ள குங்குமப் பொட்டைத் துடைக்காமல் எடுங்கள், அதுவும் வரலாறுதான்.

பேச்சைப் பதிவு செய்யும்போது போர்க்களத்தை மட்டும் கேட்டால் கிடைப்பது திரும்பத் திரும்பச் சொல்லி மெருகேறிய கதைகள். ஆள் எடுக்க எங்கே வந்தார்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார், கடிதம் வந்தால் யார் படித்துக் காட்டினார்கள், கணவர் இல்லாத ஆண்டுகளில் நிலத்தை யார் உழுதார் என்று வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும். ஒப்பாரிப் பாடல்களை அவர்களாக முன்வந்தால் அன்றிப் பாடச் சொல்லக்கூடாது. இறப்பில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவதற்குப் பலர் அஞ்சுவார்கள், அந்த அச்சம் மதிக்கத்தக்கது. பதிவின் தொடக்கத்தில் பெயர், ஊர், நாள், பொதுவில் ஒலிபரப்பச் சம்மதமா என்ற நான்கையும் அவர் குரலிலேயே பதிந்து, கோப்பை மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள்.

நடுகற்கள்

நடுகல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆவல் இயல்பானது, பெரும்பாலும் தவறானதும்கூட. வழிபாட்டில் உள்ள கல் நின்ற இடமே அதன் பொருளைச் சொல்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லை அனுமதியின்றி அசைப்பது சட்டப்படி குற்றம். பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத கல்லானாலும் வருவாய்த் துறைக்கும் மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் எழுதித் தெரிவிக்காமல் தொடக்கூடாது. சாலை விரிவாக்கத்தில் பெயர்த்துப் போடப்பட்ட கல், வாய்க்காலுக்குப் பாலமாகக் கிடக்கும் கல் ஆகியவை மட்டுமே, எழுத்துப்பூர்வமான இசைவோடு, உள்ளே வரத்தக்கவை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் அப்படிச் சேர்ந்த நடுகற்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. வேலை தொடங்குமுன் குழுவினர் அனைவரும் ஒருமுறை அங்கே சென்று வருவது பல விவாதங்களை மிச்சப்படுத்தும்.

நின்ற இடத்தில் நிற்கும் கல்லை அறையில் காட்ட மூன்று வழிகள் உள்ளன. பகலில் தட்டையாகத் தெரியும் எழுத்து, இரவில் கல்லின் பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியைச் சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து எழும். அந்நிலையில் முக்காலியில் வைத்து எடுத்த படம் பெரிதாக அச்சிடத் தக்கது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பதித்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படி இன்னும் தெளிவானது; ஆனால் அதைப் பழகியவரே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மை கல்லில் இறங்கிவிடும். கல்லைச் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் கைபேசியில் எடுத்த படங்களைக் கொண்டு முப்பரிமாண மாதிரி உருவாக்கித் தரும் மென்பொருள்களும் இன்று கிடைக்கின்றன. எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பையோ மாவையோ பூசவே கூடாது. எண்ணெய்க் காப்பும் மஞ்சளும் அப்பியிருந்தால் பூசாரியின் இசைவு பெற்று, அவர் அடுத்த முறை கழுவும் நாள் வரை காத்திருங்கள்.

இக்கற்களின் வாசகத்தில் 'தொறு' என்று வருவது மாட்டு மந்தை. மந்தையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்தவர்களின் கற்கள் மிகுதி. புலியோடு பொருது இறந்தவனுக்கான புலிகுத்திப் பட்டான் கற்களும் உண்டு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறிந்த தமிழ்ப் பிராமி நடுகல்லிலும் மாட்டு மந்தையைக் கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்ற சொல் வருவதால், இம்மரபு சங்க காலத்திலிருந்தே வருகிறது என்று துணிந்து எழுதலாம். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் கூறும் காட்சி (கல்லைத் தேர்தல்), கால்கோள் (அதைக் கொண்டுவரத் தொடங்கல்), நீர்ப்படை (நீராட்டல்), நடுகல் (நடுதல்), பெரும்படை (படையலிட்டுச் சிறப்பித்தல்), வாழ்த்தல் என்ற வரிசையைக் கொண்டே இப்பகுதியின் படங்களை அடுக்கினால் பார்வையாளருக்கு வழி தானாகவே கிடைக்கும்.

சட்டம்

இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் தள்ளிப்போடக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள்களும், 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க கையெழுத்துப் படிகளும் தொல்பொருள் ஆகும். அவற்றுள் கற்சிற்பம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்வது கட்டாயம். முதல் உலகப் போர்ப் பதக்கங்களும் இப்போது நூறாண்டைத் தாண்டிவிட்டன என்பதால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர் நல்ல விலை தருவதாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் கொடையாளர் குடும்பங்களை எச்சரித்து வைக்கலாம். நிலத்திலிருந்து காசோ கலமோ புதையலாகக் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

துப்பாக்கியில்தான் பலர் சிக்குகிறார்கள். மலையோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி வீட்டுப் பொருள்போல் கிடக்கும். 'பாட்டன் காலத்தது, சுடாது' என்று சொல்லிக் கொடுப்பார்கள். பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்பது உண்மையே. ஆனால் சுட இயலுமா என்பதைத் தீர்மானிப்பவர் நீங்களோ கொடையாளரோ அல்லர். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமான முடிவு கிடைக்கும் வரை அதைக் கையில் வாங்கக்கூடாது. வாள், ஈட்டி ஆகியவற்றுக்கும் காவல் ஆய்வாளரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்வது நிம்மதி. தோட்டாவோ குண்டோ எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் தொடாமல் காவல் துறையை அழைக்க வேண்டும்.

நடத்தும் அமைப்பைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ச் சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ பதிவு செய்தால், பின்னாளில் நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியக நல்கைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியும்.

கூத்தும் வீட்டுப் பொருளும்

போரையும் நாட்டார் பண்பாட்டையும் இரண்டு அறைகளாகப் பிரிக்காதீர்கள். பாரதக் கூத்து நடக்கும் ஊரில் போர் என்றால் என்ன என்பதைக் குழந்தைகள் முதலில் கற்பது படுகளத்தில்தான். திடலில் மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்திய துரியோதனன், அவன் தொடையில் வீமன் அடிக்கும் அடி, விரித்த கூந்தலைத் திரௌபதி முடிக்கும் காட்சி, வீழ்ந்தவனுக்காக எழும் புலம்பல் ஆகிய எல்லாம் அங்கே அடுத்தடுத்து நிகழ்கின்றன. வெற்றியைப் பார்க்க வந்த கூட்டம் தோற்றவனுக்காக அழுவதையும் அங்கே காணலாம். அதைச் சுதைச் சிற்பமாகச் செய்து அறையில் வைப்பதால் பயனில்லை; மண்ணை வெட்டுவதிலிருந்து உருவம் முழுமை பெறும் வரை ஒரே இடத்தில் நின்று எடுத்த படவரிசையும், ஒலிப்பதிவும் போதும்.

கூத்துக் கலைஞர்களின் கிரீடமும் தோளணியான புஜகீர்த்தியும் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. கனமில்லாத கட்டை என்பதால் பூச்சி எளிதில் ஏறும். பயன்பாட்டில் உள்ள அணிகளைக் கேட்டு வாங்குவது அவர்கள் பிழைப்பில் கை வைப்பதாகும். பழுதாகி ஒதுக்கியவற்றை விலை கொடுத்து வாங்கலாம். அல்லது கூத்து இல்லாத மழைக்காலத்தில் இரவல் பெறலாம். அருங்காட்சியகத்தில் அவர்கள் ஆடினால் கூலி கொடுக்க வேண்டும், பொன்னாடை மட்டும் போதாது.

உழவுக் கருவி, கேழ்வரகு அரைத்த எந்திரக்கல், மண் குதிர், தானியம் அளக்கும் வள்ளம், படி போன்றவற்றில் வகைக்கு ஒன்றே போதும். ஏற்கெனவே மூன்று உரல் இருந்தால் நான்காவதை அன்போடு மறுக்கக் கற்றுக்கொள்வது காப்பாட்சியின் பாதி.

அறையும் பேணுதலும்

கட்டடத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஒழுகாத கூரை, கரையான் இல்லாத தரை, பூட்டக்கூடிய கதவு ஆகிய மூன்றும் உள்ள பயன்படாத பள்ளிக் கட்டடமோ ஓட்டு வீடோ போதும். ஊராட்சியின் இடமாயின் தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிய வார்னிஷ் அடித்த பெட்டிக்குள் பொருளை உடனே வைத்தால் அதன் ஆவி உலோகத்தைக் கெடுக்கும் என்பதால் சில வாரம் திறந்து ஆறப்போட வேண்டும். தூளால் பூச்சிட்ட (பவுடர் கோட்டிங்) இரும்பு அலமாரி இந்த வகையில் நம்பகமானது.

பேணுதலில் செய்யாமல் இருக்க வேண்டியவையே அதிகம். பித்தளையைப் புளி போட்டு விளக்காதீர்கள். பழைய கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். பசையோ செல்லோடேப்போ ஒட்டாதீர்கள். பாலியெஸ்டர் உறையில் இட்டுத் தட்டையாக வைத்தால் போதும். துணியை மடித்து வைப்பதைவிட உருளையில் சுற்றி, கஞ்சி முழுதும் போகத் துவைத்து உலர்த்திய காடாத் துணியால் மூடுவது நல்லது, ஏனெனில் கஞ்சிக்குப் பூச்சி வரும். தாளும் துணியும் உள்ள இடத்தில் வெளிச்சம் 50 லக்ஸை (ஒளியை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அளக்கக் கருவி இல்லாவிட்டால், நேர் வெயில் விழாத சுவரில் வைத்துப் பார்வையாளர் இல்லாதபோது திரையை மூடிவிடுங்கள்.

பூச்சி அரித்த மரமோ துணியோ வந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் பாலித்தீன் உறையில் காற்றில்லாமல் கட்டி, கழித்தல் 20 பாகை செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். ஐஸ்கிரீம் கடையின் பெட்டி உறைவிப்பான் இதற்குப் போதும். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும் வரை உறையைப் பிரிக்கக்கூடாது. வண்ணம் தீட்டிய கூத்து அணிகளுக்கு இம்முறை பொருந்துமா என்பதை மட்டும் வல்லுநரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். ஐயம் எழும்போதெல்லாம் 1851-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம்.

பொருளின் மேல் எண் எழுதும்போது உலோகம், மரம், மண்பாண்டம் ஆகியவற்றில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசினை மறைவான இடத்தில் மெல்லப் பூசி, உலர்ந்தபின் மையால் எழுதி, மேலே மற்றொரு பூச்சு கொடுக்க வேண்டும். தேவையானால் பின்னாளில் அழித்துவிடலாம். துணிக்கு நாடாவில் எழுதித் தைக்கலாம், தாளுக்கு மென்மையான பென்சில் போதும்.

விளக்க அட்டை

ஒவ்வோர் அட்டையும் ஐம்பது, அறுபது சொற்களுக்குள், மூக்குக் கண்ணாடி இல்லாத முதியவரும் படிக்கும் எழுத்தளவில் இருக்க வேண்டும். முதல் வரியில் பொருள் என்ன என்பதையும், இரண்டாவதில் யாருடையது, எந்த ஊர் என்பதையும், மூன்றாவதில் அவர் வாழ்வில் அது என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். 'வீரம் செறிந்த மண்ணின் பெருமை' போன்ற வரிகள் இடத்தைத்தான் அடைக்கும்.

கடினமான பகுதி சாதி. நடுகல் வீரன் எங்கள் ஆள் என்று இரண்டு, மூன்று தரப்பு வருவது வழக்கம். கல்லில் எழுதியிருப்பதை எழுதியபடி படித்துக் காட்டுங்கள். எழுதாததை அட்டையில் சேர்க்காதீர்கள். இப்போது யார் வழிபடுகிறார்கள் என்பதை வழிபாட்டுச் செய்தியாகத் தனியே குறியுங்கள். கொடையாளர் பட்டியலிலும் ஆட்சிக் குழுவிலும் ஊரின் எல்லாத் தெருக்களும் இடம்பெற்றால்தான் காலனித் தெருவின் பறையும் தொழிலாளர் படையின் வெண்கலப் பதக்கமும் அறைக்குள் வரும். பறையை அந்தத் தெருக்காரர்களே விரும்பிக் கொடுக்கிறார்களா, இல்லை விட்டொழித்த அடிமை வேலையின் நினைவாகக் கருதி மறுக்கிறார்களா என்பதையும் அவர்களிடமே கேட்டு நடங்கள்.

போர் கண்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கும் 1971-க்கும் இலங்கைக்கும் வரும்போது அட்டையின் குரல் இன்னும் தாழ வேண்டும். இலங்கையில் பணியாற்றிய படைவீரரின் நினைவும், அதே மாவட்டத்து மறுவாழ்வு முகாமில் வாழும் ஈழத் தமிழரின் நினைவும் ஒன்றல்ல. ஒன்றை மட்டும் வைத்து மற்றதை மறைப்பதைவிட இரண்டையும் அவரவர் பெயரில், அவரவர் சொல்லில் வைப்பதே முறை. பெயர் வெளியிட விரும்பாதவரின் பெயரை விட்டுவிடுங்கள்.

திறந்து வைத்தபின்

வாரத்தில் ஏழு நாளும் திறப்பதாக அறிவித்துப் பூட்டிக் கிடப்பதைவிட, சனி, ஞாயிறு மட்டும் சொன்ன நேரத்தில் திறப்பது மேல். சாவி இருவரிடம் இருக்க வேண்டும். அவர்களின் தொலைபேசி எண் கதவில் எழுதியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் சுற்றிக் காட்டிவிட்டு அனுப்பாமல், தொடத்தக்க ஒரு பொருளைத் தனியே வைத்துத் தொடவிடுங்கள்: எந்திரக்கல்லில் கேழ்வரகு அரைத்துப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் தன் பாட்டியை அழைத்து வரும். வருகைப் பதிவேட்டில் 'இதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது' என்று ஒரு பத்தி விட்டு, அதில் எழுதப்படுவதை மாதம் ஒருமுறை சேர்க்கைப் பதிவேட்டின் எண்ணோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, தை பிறந்ததும், பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகச் சரிபார்க்க வேண்டும். பதிவில் உண்டு, அறையில் இல்லை என்றாலும், அறையில் உண்டு, பதிவில் இல்லை என்றாலும் அன்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அமைப்பு விதிகளில் இன்னொரு பிரிவையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்: நடத்துபவர்கள் ஓய்ந்து அருங்காட்சியகம் மூடப்பட்டால் இரவல் பொருள்கள் உரியவரிடம் திரும்ப வேண்டும்; கொடைப் பொருள்களைப் பதிவேட்டோடும் ஒலிப்பதிவுகளோடும் சேர்த்தே மாவட்ட அரசு அருங்காட்சியகத்திடம் அளிக்க முன்வர வேண்டும்; அது ஏற்காதவற்றைக் கொடையாளர் குடும்பத்துக்கே முதலில் தெரிவிக்க வேண்டும்; எதையும் ஏலம் விடக்கூடாது.